இரண்டு குச்சி சூயிங்கமும் ஒரு விமானியும்



போர்க்கால விமானி என்றதும் மனக்கண்ணில் எழும் உருவம் ஒன்று உண்டு. எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்தியவர், குண்டுமழை பொழிந்தவர், மார்பு நிறையப் பதக்கம் அணிந்தவர். இன்று நினைவுகூரப்படும் மனிதர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். அவர் வானிலிருந்து போட்டது மிட்டாய். அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை தம் நாட்டோடு போரிட்ட எதிரியின் பிள்ளைகளுக்காக.

அவர் பெயர் கேல் ஹால்வர்சன். அமெரிக்க விமானப் படையில் கர்னல் நிலை வரை உயர்ந்தவர். ஐந்து பிள்ளைகளுக்குத் தந்தை, 24 பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், 101 வயதில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கண்ணை மூடினார். ஜெர்மனியில் அவருக்காகக் கலங்கியவர்களில் பலர் எண்பது வயதைத் தொட்ட தாத்தா பாட்டிகள். 1948இல் அவர்கள் சிறுபிள்ளைகள். அவர்களுக்கு அவர் ‘இறக்கை ஆட்டும் மாமா’.

இந்தப் பெயர் எப்படி வந்தது? அந்தக் கதையில்தான் அவருடைய வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

பீட்ரூட் வயலில் ஒரு சிறுவன்

1920ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் யூட்டாவின் சால்ட் லேக் நகரில் பிறந்தார் ஹால்வர்சன். குடும்பம் விவசாயக் குடும்பம். வசதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சர்க்கரை தயாரிக்கும் பீட்ரூட் கிழங்கைப் பயிர் செய்யும் சிறு பண்ணைகளில் வளர்ந்தார். வயலில் குனிந்து களை எடுக்கும்போது தலைக்கு மேல் விமானம் போகும். நிமிர்ந்து பார்ப்பார். ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைக்கு வானத்தின் மேல் ஆசை வந்தது அப்படித்தான்.

ஆசை இருந்தாலும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பணம் வேண்டுமே? அந்தக் காலத்தில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு விமானப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்திவந்தது. அதில் இடம் பிடித்து, 1941 செப்டம்பரில் விமானி உரிமம் பெற்றார். கையில் உரிமம் வந்ததும் அவர் செய்த ஒரு காரியத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோரின் பண்ணைக்கு மேலே பறந்துபோய், விமானத்தின் இரண்டு இறக்கைகளையும் மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினார். கீழே நிற்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ‘நான்தான் வந்திருக்கிறேன்’ என்று சொல்லும் அடையாளம் அது.

அதே ஆண்டு டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கியது. 1942இல் யூட்டா மாநில வேளாண் கல்லூரியில் சிறிது காலம் படித்தார். அங்கேதான் ஆல்டா ஜாலி என்ற மாணவியைச் சந்தித்தார். பிறகு ராணுவ விமானப் பிரிவில் சேர்ந்தார். ஓக்லஹோமா மாநிலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையிடம் போர் விமானப் பயிற்சி பெற்றார். ஆனால் அவருக்குக் கிடைத்த பணி, சரக்கு விமானம் ஓட்டுவது. தென் அட்லாண்டிக் கடல் வழியில் போருக்குத் தேவையான ஆட்களையும் பொருள்களையும் ஏற்றி இறக்கினார்.

போர் முடிந்தது. பலர் சீருடையைக் கழற்றிவிட்டு வீடு திரும்பினார்கள். அவர் விமானப் படையிலேயே தங்கினார். 1948 ஜூலையில் புதிய கட்டளை வந்தது. ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

மூடப்பட்ட நகரம்

அன்றைய பெர்லின் நிலையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். போரில் தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கு நாடுகளும் பங்கிட்டு நிர்வகித்தன. தலைநகர் பெர்லினும் நான்காகப் பிரிக்கப்பட்டது. ஆனால் அந்த நகரமோ சோவியத் வசமிருந்த பகுதிக்கு நடுவே ஒரு தீவுபோல் இருந்தது. மேற்கத்திய நாடுகள் தங்கள் பகுதியில் புதிய நாணயத்தைக் கொண்டுவந்ததை ஒட்டிப் பகை முற்றியது. 1948 ஜூன் 24ஆம் நாள் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் வழிகள் எல்லாவற்றையும் சோவியத் யூனியன் அடைத்தது.

உள்ளே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். குண்டுவீச்சில் இடிந்த வீடுகள். அரிசி பருப்பு போல அவர்களுக்கு அன்றாடம் வேண்டியது மாவும் உருளைக்கிழங்கும். குளிர்காலத்தைத் தாண்ட நிலக்கரி. திறந்திருந்த ஒரே வழி வானம். ஆகவே ஒரு நகரம் முழுவதற்கும் வேண்டியதை விமானத்திலேயே கொண்டுவருவது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் முடிவு செய்தன. நாளொன்றுக்குச் சுமார் 4,500 டன் வேண்டும். உலகில் அதற்குமுன் யாரும் செய்து பார்க்காத காரியம் அது.

யோசித்துப் பாருங்கள். அந்த விமானிகளில் சிலர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே பெர்லின் மீது குண்டு போட்டவர்கள். நண்பர்களைப் பறிகொடுத்தவர்கள். ஹால்வர்சனுக்கும் தொடக்கத்தில் மனத்தில் உறுத்தல் இருந்தது. நேற்றுவரை எதிரி, இன்று அவனுக்காக உயிரைப் பணயம் வைத்து மாவு மூட்டை தூக்க வேண்டுமா? முதல் முறை பெர்லினில் தரையிறங்கி விமானக் கதவைத் திறந்தபோது, மூட்டை இறக்க வந்த ஜெர்மானியத் தொழிலாளர்கள் அந்த மாவையும் அவரையும் நன்றியோடு பார்த்த பார்வையில் அந்த உறுத்தல் கரைந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

முள்வேலி ஓரத்தில்

ஜூலை மாதத்தில் ஒரு நாள் அவருக்கு ஓய்வு கிடைத்தது. மற்றவர்கள் தூங்கப் போனார்கள். அவரோ கையடக்கமான படக்கருவியை எடுத்துக்கொண்டு, நண்பர் ஓட்டிய விமானத்தில் ஏறி பெர்லினுக்குப் போனார். தெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் விமானங்கள் இறங்குவதைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஆசை. அங்கே ஓடுபாதையின் கோடியில், முள்வேலிக்கு அப்பால், ஏறக்குறைய முப்பது பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

சிலருக்குப் பள்ளியில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. பேச்சுக் கொடுத்தார்கள். எத்தனை மூட்டை மாவு வருகிறது, விமானம் எத்தனை, இப்படிக் கேள்விகள். பிறகு அந்தப் பிள்ளைகள் சொன்ன சொல்தான் அவரை நிலைகுலைய வைத்தது. வானிலை கெட்டு விமானம் வர முடியாமல் போனால் எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குறைவாகச் சாப்பிட்டுச் சமாளித்துக்கொள்வோம். சுதந்திரம் போனால்தான் திரும்பக் கிடைக்காது என்ற கருத்தில் பேசினார்கள். பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்!

ஒரு மணி நேரம் போல் பேசிவிட்டுக் கிளம்பினார். சில அடி நடந்ததும் ஏதோ ஒன்று அவரைத் தடுத்தது. அவர் போன நாடுகளில் எல்லாம் சீருடைக்காரரைக் கண்டால் பிள்ளைகள் ஓடிவந்து மிட்டாய் கேட்பார்கள். இந்தப் பிள்ளைகள் கேட்கவே இல்லை. பல மாதமாக இனிப்பைக் கண்ணால் பார்க்காதவர்கள், ஒருவர்கூடக் கை நீட்டவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது பழமொழி. அந்த முப்பது பிள்ளைகளிடம் பசி இருந்தது, மானம் பறந்துபோகவில்லை.

சட்டைப் பைக்குள் கையை விட்டார். இரண்டே குச்சி சூயிங்கம் இருந்தது. முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு குச்சி! கொடுத்தால் சண்டை வருமோ என்ற தயக்கத்தோடு, இரண்டையும் பாதியாக ஒடித்து நான்கு துண்டாக முள்வேலி வழியே நீட்டினார்.

சண்டை வரவில்லை. நான்கு துண்டு நான்கு பேருக்குப் போனது. மற்றப் பிள்ளைகள் சுற்றியிருந்த காகிதத்தைக் கேட்டு வாங்கினார்கள். அதைச் சிறு சிறு கீற்றாகக் கிழித்து ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டார்கள். மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார்கள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி!

வெறும் காகிதத்தின் வாசனைக்கே இவ்வளவு மகிழ்ச்சியா? அந்தக் கணத்தில் அவர் வாக்குக் கொடுத்தார். நாளை இந்த வழியாகப் பறந்து வரும்போது மேலிருந்து மிட்டாய் போடுகிறேன். எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றார். பிள்ளைகள் விடவில்லை. சில நிமிடத்துக்கு ஒரு விமானம் வருகிறதே, உங்கள் விமானம் எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் பெற்றோரின் பண்ணை அவர் நினைவுக்கு வந்தது. இறக்கையை ஆட்டிக் காட்டுகிறேன் என்றார். அப்பா அம்மாவுக்குக் காட்டிய அடையாளத்தை, அப்பாவை இழந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

மூன்று கைக்குட்டைகள்

அன்றிரவு தம் துணை விமானியிடமும் பொறியாளரிடமும் விஷயத்தைச் சொன்னார். அவர்களும் தங்கள் பங்கு மிட்டாயைக் கொடுத்தார்கள். மூவருடைய பங்கும் சேர்ந்தபோது கை நிறைய இருந்தது. ஆனால் இன்னொரு சிக்கல். வேகமாகப் பறக்கும் விமானத்திலிருந்து சாக்லெட் கட்டு பிள்ளைகளின் தலையில் விழுந்தால் என்ன ஆவது? மூன்று கைக்குட்டைகளை எடுத்து, நான்கு முனையிலும் நூல் கட்டி, குட்டிப் பாராசூட்களாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் மிட்டாயைத் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் தெம்பல்ஹோஃபை நெருங்கும்போது பிள்ளைகள் அதே இடத்தில் நின்றிருந்தார்கள். இறக்கைகள் ஆடின. விமானத்தின் சிறு துவாரம் வழியே மூன்று கைக்குட்டைகளும் வெளியே போயின. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பப் புறப்படும்போது பார்த்தார். வேலி வழியே மூன்று கைக்குட்டைகள் அசைந்துகொண்டிருந்தன.

வாரம் ஒரு முறை போட்டார்கள். வேலியோரத்தில் கூட்டம் பெருகியது. பெயர் தெரியாத பிள்ளைகளிடமிருந்து ‘இறக்கை ஆட்டும் மாமா’வுக்குக் கடிதங்கள் வந்து விமான நிலைய அலுவலகத்தில் குவியத் தொடங்கின. இதற்கெல்லாம் அவர் மேலதிகாரியிடம் அனுமதி கேட்கவில்லை என்பதை நேயர்கள் மறக்கக்கூடாது. இராணுவத்தில் அது சிறிய குற்றமல்ல.

ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் செய்தித்தாள் கிடந்தது. கீழே விழுந்த சாக்லெட் ஒரு செய்தியாளரின் தலையில் படாமல் தப்பியிருக்கிறது! அவர் விமானத்தைப் படம் பிடித்துச் செய்தி போட்டுவிட்டார். விமானத்தின் எண் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. வேலை போயிற்று என்றுதான் ஹால்வர்சன் நினைத்திருப்பார். ஆனால் வானூர்திப் பாலத்தின் தளபதியான ஜெனரல் வில்லியம் டன்னருக்கு இந்தச் செய்தி பிடித்துவிட்டது. நடக்கட்டும் என்று அனுமதி கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததைச் சிறுதுளி பெருவெள்ளம் என்றுதான் சொல்ல வேண்டும். படைவீரர்கள் தங்கள் மிட்டாய்ப் பங்கையும் கைக்குட்டைகளையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அமெரிக்காவில் மிட்டாய் உற்பத்தியாளர்கள் டன் கணக்கில் அனுப்பினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கப்பி நகரில் பள்ளி மாணவர்கள் உட்கார்ந்து பாராசூட் கட்டினார்கள். மற்ற விமானிகளும் சேர்ந்துகொண்டார்கள். முடிவில் கணக்குப் பார்த்தபோது, சுமார் 23 டன் மிட்டாய், இரண்டரை லட்சம் குட்டிப் பாராசூட்கள். எல்லாம் தொடங்கியது நான்கு துண்டு சூயிங்கத்தில்.

வெள்ளைக் கோழி வீட்டுச் சிறுமி

வந்து குவிந்த கடிதங்களில் ஒன்று ஏழு வயதுச் சிறுமி எழுதியது. பெயர் மெர்சிடிஸ். அவள் கொடுத்தது ஒரு புகார்! உங்கள் விமானச் சத்தத்தில் எங்கள் வீட்டுக் கோழிகள் மிரண்டு முட்டை போடுவதில்லை என்று குற்றம் சாட்டியிருந்தாள். அதோடு நிற்கவில்லை. தோட்டத்தில் வெள்ளைக் கோழிகளைப் பார்த்தால் அங்கே மிட்டாய் போடுங்கள், கோழி மிரண்டாலும் பரவாயில்லை என்று அடையாளமும் சொல்லியிருந்தாள். எவ்வளவு நேர்மையான பேரம்!

ஹால்வர்சன் மேலிருந்து தேடிப் பார்த்தார். இடிபாடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோழியை எங்கே கண்டுபிடிப்பது? பேசாமல் இருந்திருக்கலாம். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. ஆனால் மிட்டாய்களைப் பொட்டலம் கட்டி, ஒரு கடிதமும் எழுதி, அஞ்சலில் அனுப்பிவைத்தார்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. 1970இல் ஹால்வர்சன் அதே தெம்பல்ஹோஃப் விமானத் தளத்தின் தளபதியாகக் குடும்பத்தோடு பெர்லினுக்குத் திரும்பினார். அங்கே ஒரு தம்பதி அவரை விருந்துக்கு வரும்படி விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். 1972இல் மனைவியோடு போனார். விருந்துக்கு முன்பு அந்த வீட்டுப் பெண்மணி அலமாரியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து நீட்டினார். 24 ஆண்டுகளுக்கு முன்பு ஹால்வர்சன் எழுதிய கடிதம். அந்தப் பெண்மணி வேறு யாருமல்ல, கோழிக்காகப் புகார் செய்த மெர்சிடிஸ்தான்.

மிட்டாயைவிட அந்தக் கடிதம்தான் தனக்குப் பெரிதாக இருந்தது என்று மெர்சிடிஸ் பிற்காலத்தில் சொன்னார். போர் தின்ற தலைமுறை அது. பல பிள்ளைகளைப் போலவே அவரும் தந்தை இல்லாமல் வளர்ந்தவர். எங்கோ இருக்கும் ஒருவர் தன்னை நினைத்துப் பெயர் போட்டுக் கடிதம் எழுதினார் என்பதே வாழ்வில் நம்பிக்கை தந்தது என்றார். இரண்டு குடும்பங்களும் அன்றுமுதல் உறவினர்போல் ஆகிவிட்டன. அந்த நட்பு ஹால்வர்சனின் இறுதிக் காலம் வரை தொடர்ந்தது.

வீட்டில் அவர்

உலகம் போற்றும் சிலர் வீட்டில் அந்நியராக இருப்பதைக் காண்கிறோம். ஊர்ப் பிள்ளையை ஊட்டி வளர்த்தவர் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க நேரமில்லாமல் போவதும் உண்டு. ஹால்வர்சன் அப்படி இருக்கவில்லை.

1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தாய்நாடு திரும்பினார். பத்திரிகைகளில் அவர் படம். போன இடமெல்லாம் பாராட்டு. அந்தப் புகழோடு அவர் செய்த முதல் பெரிய காரியம், கல்லூரி நாளில் சந்தித்த ஆல்டாவைக் கரம் பிடித்தது. திருமண நாள் 1949 ஏப்ரல் 16. அதே நாளில் அங்கே பெர்லினில் அவருடைய தோழர்கள் 24 மணி நேரத்தில் சுமார் 1,400 தடவை பறந்து ஏறத்தாழ 13,000 டன் சரக்கைச் சேர்த்துப் பெரும் சாதனை படைத்து முடித்தார்கள். ஒரு மாதத்துக்குள், மே 12ஆம் நாள், முற்றுகை விலக்கப்பட்டது.

ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். விமானப் படையின் செலவில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்து முதுகலைப் பட்டம் பெற்றார். விண்வெளி சார்ந்த திட்டங்களில் வேலை செய்தார். படைவீரரின் குடும்பம் என்றால் ஊர் ஊராகப் பெட்டி கட்ட வேண்டும். அந்த வாழ்க்கையை ஆல்டாவும் பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து சுமந்தார்கள். 31 ஆண்டுப் பணிக்குப் பின் 1974இல் ஓய்வு பெற்று யூட்டாவுக்கே திரும்பினார். ஓய்வுக்குப் பின் பத்தாண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பொறுப்பை ஏற்றார். அப்போதும் இளையவர்களோடுதான் பொழுது.

ஆல்டாவோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1999இல், பொன்விழாவுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, ஆல்டா மறைந்தார். எண்பதை நெருங்கிய வயதில் துணையை இழப்பது எவ்வளவு பெரிய இடி என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. பள்ளிப் பருவத்துத் தோழியான லோரெய்ன் பேஸை அதே ஆண்டில் மணந்தார்.

வாக்கு மாறாதவர்

‘இறக்கை ஆட்டும் மாமா’ என்ற பெயரை அவர் பழைய ஆல்பத்தில் ஒட்டி மூடிவைக்கவில்லை. 1994இல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், போரில் சிக்கியிருந்த போஸ்னியா மக்களுக்கு உணவு போடும் விமானத்தில் ஏறிப் போனார். 1998இல் வானூர்திப் பாலத்தின் 50ஆம் ஆண்டு நிறைவுக்காகப் பழைய சரக்கு விமானத்தில் பெர்லினுக்கு வந்தார். 2002இல் சால்ட் லேக் நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியபோது, ஜெர்மனி அணிக்கு முன்னால் அந்நாட்டின் பெயர்ப் பலகையைப் பிடித்து நடந்தவர் இந்த அமெரிக்கர்தான். எதிரி நாடு என்று ஒரு காலத்தில் எண்ணிய நாட்டின் பெயர் அவர் கையில்!

2013இல் பெர்லினில் ஒரு பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.  2019இல், 98 வயதில், முற்றுகை நீங்கிய 70ஆம் ஆண்டு விழாவுக்காக மீண்டும் பெர்லின் சென்றார்.

இத்தனை புகழுக்கு நடுவிலும் அவர் ஒன்றை மறக்காமல் சொல்லிவந்தார். உண்மையான வீரர்கள் உயிரைக் கொடுத்தவர்கள்தான், தாம் அல்ல என்று. அது அடக்கத்துக்காகச் சொன்னது மட்டுமல்ல, உண்மையும்கூட. 23 டன் மிட்டாய் பெர்லினைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது 2,70,000க்கும் மேற்பட்ட பயணங்களில் வந்த 23 லட்சம் டன் மாவும் நிலக்கரியும் மற்றப் பொருள்களும். அந்தப் பணியில் 101 பேர் மாண்டார்கள். அவர்களில் 31 பேர் அமெரிக்கர். அவர்களுக்கும் வீட்டில் மனைவி இருந்திருப்பாள், பிள்ளை இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு இறக்கை ஆட்ட யாரும் திரும்பி வரவில்லை. இதையும் சேர்த்து நினைத்தால்தான் நினைவுகூர்தல் நிறைவு பெறும்.

மிட்டாயால் என்ன பயன்?

அப்படியானால் மிட்டாயால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயிற்றுப் பசியைச் சாக்லெட் தீர்க்காது. அதற்கான விடை, 50ஆம் ஆண்டு விழாவில் ஹால்வர்சனைத் தேடிவந்த அறுபது வயது மனிதர் ஒருவரிடம் இருந்தது. 1948இல் அவருக்குப் பத்து வயது. மேகம் மூடிய ஒரு நாள் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தார். விமானம் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று மேகத்தைப் பிளந்துகொண்டு ஒரு குட்டிப் பாராசூட் இறங்கி அவர் காலடியில் விழுந்தது. அதில் ஒரு சாக்லெட். அந்த ஒன்றை ஒரு வாரம் வைத்துத் தின்றார். ஆனால் சாக்லெட் முக்கியமல்ல, நான் துன்பத்தில் இருப்பது யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்கு என்மேல் அக்கறை இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று ஹால்வர்சனிடம் சொன்னார்.

மாவும் நிலக்கரியும் உயிரைக் காத்தன. மிட்டாய், காக்கப்பட வேண்டிய உயிர் நான் என்ற எண்ணத்தைக் கொடுத்தது. சோறு போட்டுப் பிள்ளையை வளர்த்துவிடலாம். உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று காட்டாமல் அந்தப் பிள்ளையை மனிதனாக்க முடியாது. நல்ல தந்தை ஒவ்வொருவரும் வீட்டுக்குள் செய்வதைத்தான் ஹால்வர்சன் ஒரு நகரத்துக்குச் செய்தார். அப்போது அவர் தந்தையாகவே ஆகியிருக்கவில்லை. 27 வயது, திருமணமாகாத இளைஞர்.

அன்பு நேயர்களே, எல்லாராலும் விமானம் ஓட்ட முடியாது. ஆனால் வேலி ஓரத்தில் கேட்காமல் நிற்கும் பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. கேட்கிற பிள்ளை நம் கண்ணில் படும். கேட்காத பிள்ளையைக் காண, ஹால்வர்சனைப்போல் சில அடி நடந்த பிறகாவது நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். அது அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். வேலைக்கு ஓடும் அவசரத்தில், நம் வீட்டுக் கூடத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அந்த அமெரிக்க விமானியின் சட்டைப் பையில் அன்று இருந்தது இரண்டே குச்சி சூயிங்கம். போதாது என்று எண்ணி அவர் கையை வெளியே எடுக்காமல் இருந்திருந்தால், பெர்லின் பிள்ளைகளுக்கு ஒரு மாமா கிடைத்திருக்க மாட்டார்.